மென் ரோபோவுக்கு எந்தப் பிரின்டர்: ஜெட்டா, ஃபிலமென்டா?

ரோபோவின் உடலைக் கணினியே வடிவமைத்து 3டி பிரின்டரில் அச்சிடுவது புதிய யோசனை அல்ல. 2000-இலேயே பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஹாட் லிப்சனும் ஜோர்டன் போலக்கும் செய்து காட்டிவிட்டார்கள். அச்சான உடலில் மோட்டாரை மட்டும் கையால் பொருத்தினார்கள். ஆனால் சில ரோபோக்கள் தரையில் வழுக்கி, திரையில் போன தூரம் போகவில்லை. திரைக்கும் மேசைக்கும் உள்ள இந்த இடைவெளிதான் எங்களையும் படுத்தியது.

எங்கள் ஆய்வகத்தில் மென் ரோபோவுக்காக, அதாவது காற்றழுத்தத்தில் மடங்கும் ரப்பர் விரலுக்காக, ஜெட், ஃபிலமென்ட் என்ற இரண்டு வழிகளையும் முயன்றோம். ஃபிலமென்ட் முறை பிளாஸ்டிக் இழையை உருக்கி, நாசில் வழியே அடுக்கடுக்காக இடுகிறது. கடைசியில் வாங்கியது இரட்டை நாசில் ஃபிலமென்ட் பிரின்டர்.

நுணுக்கத்தில் ஜெட் முறைக்கு ஈடில்லை. ரெசின் என்ற திரவத்தைத் துளித்துளியாகத் தெளித்து, புற ஊதா ஒளியில் உறையவைக்கிறது. ஒரே அடுக்கில் கெட்டியும் மென்மையும் கலந்து வரும். 2016-இல் எம்ஐடியில் டேனியலா ரஸ் குழு, உறையாத திரவத்தையும் உள்ளேயே வைத்து ஆறு கால் ரோபோவை 22 மணி நேரத்தில் அச்சிட்டது. எங்களைப் போன்றவர்களின் ஃபிலமென்ட் பிரின்டரில் அதை நினைத்தே பார்க்க முடியாது. ஆனால் ஜெட் பிரின்டரின் விலை மிக அதிகம்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது ரப்பரின் ஆயுள். வெளியில் கொடுத்து ஜெட்டில் அச்சிட்ட விரல் முதல் நாள் அழகாக மடங்கியது. ஜன்னலோர மேசையில் சில வாரம் இருந்ததும் விறைத்தது, பிறகு மடிப்பில் கீறல் விட்டது. வழக்கமான ஜெட் பிரின்டரில் ஒவ்வோர் அடுக்கையும் உருளை சமன் செய்கிறது. அதற்கு ரெசின் உடனே உறைய வேண்டும். அப்படி உறைபவை பெரும்பாலும் அக்ரிலேட் என்ற வேதிப்பொருள் வகை. வெளிச்சம் பட்டால் நாளாக ஆக இறுகும். விரல் சுவரின் தடிமனையும் மடிப்பையும் ஒரு குறிப்பிட்ட நெகிழ்ச்சியை நம்பித்தான் மென்பொருள் கணக்கிடுகிறது. ரப்பர் இறுகிவிட்டால், அந்த வடிவமைப்பு வேறொரு ரோபோவுக்கானது!

இதற்கு மாற்று இருக்கிறது. 2023-இல் ஈடிஎச் சூரிச் பல்கலைக்கழகமும் இன்க்பிட் நிறுவனமும் உருளையை விட்டுவிட்டு, கேமராவால் மேற்பரப்பை அளந்து அடுத்த அடுக்கைத் திருத்தும் முறையைக் காட்டின. மெல்ல உறையும் தயால்-ஈன் என்ற நெகிழும் பாலிமரை இதில் பயன்படுத்தலாம். எலும்பும் தசைநாரும் கொண்ட கையை ஒரே அச்சில் எடுத்தார்கள். அந்த இயந்திரம் எங்கள் கைக்கு எட்டாது.

ஃபிலமென்டிலோ டிபியு என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக், திரும்பத் திரும்ப மடக்கினாலும் எளிதில் சளைப்பதில்லை. தொல்லைகளும் உண்டு. ஈரம் குடித்தால் நூல் நூலாக இழுக்கும். அச்சுக்கு முன் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறோம். கெட்டிப் பாகங்களுக்கான பிஎல்ஏ பிளாஸ்டிக்கோடு எங்கள் அச்சில் அது சரியாக ஒட்டாததால், இணைப்பில் ஒன்றையொன்று கவ்வும் பற்கள் வைத்தோம். அடுக்குகளுக்கு இடையே காற்று கசியும். சுவரைத் தடிமனாக்கினால் விரல் சோம்பிப் போகும். ஆனாலும் மாலையில் கிழிந்த விரலைத் திருத்தி இரவில் அச்சுக்கு விட்டால், காலையில் புது விரல் தயார். கணினி தரும் வடிவங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க இந்த வேகம் வேண்டும்.

எங்கள் அனுபவம் எட்டு மாதம்தான், அதுவும் காற்றில் இயங்கும் விரல்களோடு மட்டும். புதிய மென் ரெசின்களை நான் தொட்டதில்லை. அவை இன்னும் நாள் தாங்கலாம். ஒரே ஒரு மாதிரியை அச்சிட்டு, அந்த வாரமே அளந்து முடிப்பதென்றால், சரி, ஜெட்டிலேயே அச்சிடக் கொடுங்கள். வந்ததும் இருட்டுப் பெட்டியில் வையுங்கள்.