நாற்றுத் தட்டுக்கு எந்தக் களிமண்?

இயந்திர நடவுக்காகத் தஞ்சை, திருவாரூர் பக்கம் பாய் நாற்றங்கால் விடும் உழவர்களுக்குத் தட்டின் குறை உடனே தெரிந்துவிடும். ஏறத்தாழ 58 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் கொண்ட தட்டை, ஈர மண்ணும் நாற்றுமாக இரு முனையிலும் பிடித்துத் தூக்கும்போது நடுவில் தொய்ந்தால் நாற்றுப் பாய் கிழிகிறது; விறைப்பு மிகுந்தாலோ, வரப்பில் விழுந்ததும் மூலை தெறிக்கிறது. தட்டு வார்க்கும் பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கில் எந்தக் களிமண்ணைக் கலப்பது என்பதை இவ்விரண்டையும் வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

அதிகம் புகழப்படுவது மான்ட்மோரில்லோனைட். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, ஆற்றில் தண்ணீர் வந்ததும் வெடிப்பு மூடிக்கொள்ளும் நம் களிமண் வயல்களின் குணமும் இந்தக் கனிம வகையால் வருவதே. சுமார் 1 நானோமீட்டர் தடிமனுள்ள அதன் அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்து அவற்றை விலக்குகிறது. அதே இடைவெளியில் நைலான்-6ஐப் புகுத்தி, 1980களின் பிற்பகுதியில் ஜப்பானின் டொயோட்டா ஆய்வாளர்கள் உருவாக்கிய கலவையில், 5 விழுக்காட்டுக்கும் குறைவான களிமண்ணே இழுவிசை வலிமையை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகவும் விறைப்பை இரு மடங்கை ஒட்டியும் உயர்த்தியது. ஆனால் நைலானுக்குப் பொருந்தியது பாலிபுரோப்பிலீனுக்குத் தானாகப் பொருந்துவதில்லை. நீரை ஏற்காத இந்தப் பிளாஸ்டிக், களிமண் அடுக்குகளுக்குள் புக, களிமண்ணுக்கு அங்கக உப்புப் பூச்சும், இரண்டையும் ஒட்டவைக்க மலேயிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருள் இணைத்த பாலிபுரோப்பிலீனும் வேண்டும். அந்தப் பூச்சோ, பாலிபுரோப்பிலீனை உருக்கிக் கலக்கும் வெப்பத்தை ஒட்டி, சுமார் 200 டிகிரி செல்சியசிலேயே சிதையத் தொடங்குகிறது. அடுக்குகள் பிரியாமல் கட்டியாக நின்றுவிட்டால், விரிசல் அந்தக் கட்டியிலிருந்தே கிளம்பும். வெயிலில் கிடக்கும் தட்டுக்கு இன்னொரு கேடும் உண்டு: இந்தக் களிமண் பாலிபுரோப்பிலீனின் ஒளிச்சிதைவை விரைவுபடுத்துகிறது.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலுக்குப் பழக்கமான சீனக் களிமண்ணின் அடுக்குகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் பிரியா. விறைப்பு கிடைக்க அளவைக் கூட்டத்தான் வேண்டும்.

நான் தேர்ந்தெடுப்பது டால்க் என்னும் மென்மையான கனிமத் தூள். கண்டிப்பான வகைப்பாட்டில் களிமண் என்று சொல்லாவிட்டாலும் அதுவும் களிமண்ணைப் போல அடுக்கடுக்கான சிலிக்கேட் கனிமமே. அதன் தட்டையான துகள்கள் விறைப்பைக் கூட்டுவதோடு, உருகிய பாலிபுரோப்பிலீன் படிகமாவதையும் தூண்டுகின்றன. சாதாரண உருக்கிக் கலக்கும் இயந்திரமே போதும். எடை கூடுவதும் அடிதாங்கும் திறன் குறைவதும் மெய்யான இழப்புகள். ஆகவே அடிதாங்கும் கோபாலிமர் வகைப் பாலிபுரோப்பிலீனில் 20 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் கலந்து, கரும்புகைத்தூளும் ஒளிக்காப்புப் பொருளும் சேர்ப்பதே நாற்றுத் தட்டுக்கு ஏற்றது. வாங்குவோர் உடைந்த துண்டு ஒன்றை வாய்க்கால் நீரில் போட்டுப் பார்க்கலாம்: வெறும் பாலிபுரோப்பிலீன் மிதக்கும், 20 விழுக்காடு டால்க் கலந்தது மூழ்கும். 10 விழுக்காடு மட்டும் கலந்ததும் மிதக்கும் என்பதால், 20 என்று சொல்லி விற்ற தட்டின் துண்டு மிதந்தால் விற்றவரிடம் கேள்வி கேட்க இடமிருக்கிறது.