செகண்ட் லைஃபில் ஒரு வீடு: நெடுநாள் குடியிருந்த பிறகு

"அங்கே யாரும் தூங்குவதில்லை, சமைப்பதில்லை, மழையும் பெய்வதில்லை. பிறகு எதற்கு ஒரு வீடு? அதற்கு வருடா வருடம் பணம் வேறு!" செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்தில் என் சந்தாவைப் புதுப்பிக்கும் தேதி நெருங்கிய சமயத்தில் தோழி ஒருத்தி கேட்டாள். அவளுக்கும் உள்ளே வந்து நிலம் எடுக்கலாமா என்ற யோசனை இருப்பதால், இது பேச்சுக்குக் கேட்ட கேள்வி இல்லை. தொலைபேசியில் சொல்லி முடியவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

கணக்குத் தொடங்குவது, அந்த உலகத்தின் நாணயமான லிண்டன் டாலர் வாங்குவது எல்லாம் தெரிந்த கதை. என் இருப்பை மட்டும் சொல்கிறேன். பிரீமியம் சந்தாவோடு கிடைக்கும் 1024 சதுர மீட்டர். மெயின்லேண்டில், அதாவது செகண்ட் லைஃபை நடத்தும் நிறுவனத்தின் பெரும் நிலப்பரப்பில், சடோரி கண்டத்தின் கரையோரம். 32 மீட்டருக்கு 32 மீட்டர் சதுரம், ஒரு பக்கம் தண்ணீர். அதில் 351 லேண்ட் இம்பேக்ட் (ஒவ்வொரு பொருளும் நிலத்தில் ஏற்றும் சுமையின் அளவு) வரை பொருள் வைக்கலாம். மரம், கதவு, விளக்கு, டீ கோப்பை எல்லாமே அந்த 351-க்குள் அடங்க வேண்டும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அவதாருக்கு, அதாவது அங்கே நம் சார்பில் நடமாடும் உருவத்துக்கு, பசியில்லை, குளிரில்லை. நின்ற இடத்திலேயே நாள்கணக்கில் நிற்கலாம், வேண்டுமானால் பறக்கலாம். மழை வேண்டுமென்றால் நாமே ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) போட்டுப் பெய்விக்க வேண்டும். பெய்கிற துகள்களோ கூரையைக் கண்டுகொள்ளாமல் வீட்டுக்குள்ளும் விழும். ஆக, கூரை எதையும் தடுப்பதில்லை. இருந்தும் கூரையில்லாத வீட்டை நான் அங்கே பார்த்தது அபூர்வம். சமையலறை இல்லாத வீடும் அபூர்வம். அடுப்பில் பாத்திரம் இருக்கும், குளியலறையில் துண்டு மடித்து வைத்திருப்பார்கள்.

நான் அதிகம் கவனித்தது நாற்காலிகளை. ஒரே ஆள் குடியிருக்கும் வீட்டில் ஆறு நாற்காலிகள், ஒரு நீண்ட சோபா, வெளியே தோட்டத்தில் இன்னும் இரண்டு. லேண்ட் இம்பேக்ட் போதாமல் மரத்தை எடுத்துவிட்டு நாற்காலி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தனக்கென்று மட்டும் நினைத்திருந்தால் ஒன்று போதும். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் வரப்போகிறவர்களை நினைத்தே கட்டியிருக்கிறார்கள். எங்கு வேண்டுமானாலும் ஒரு நொடியில் டெலிபோர்ட் செய்துவிடக்கூடிய உலகத்தில், "என்னைத் தேடினால் இங்கே வா" என்று சொல்ல ஓர் இடம் வேண்டியிருக்கிறது. என் தோழிக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

புதிதாகக் கட்டுபவர்கள் எல்லோருமே அளவில் தடுமாறுவார்கள். நிஜ வீட்டின் கணக்கில் பத்தடி உயரச் சுவர் எழுப்பினால் அறை மூச்சுமுட்டும். நம் கண் அவதாரின் தலையில் இல்லை, பின்னால் சற்று மேலே நிற்கும் கேமராவில் இருக்கிறது. உள்ளே நுழைந்து திரும்பினால் கேமரா சுவருக்கு வெளியே போய்விடும். அதோடு அவதார்களில் பலர் ஏழடி உயரம். ஆகையால் கதவும் கூரையும் பங்களாவுக்குரிய உயரத்தில் இருந்தால்தான் சாதாரண வீடாகத் தெரியும்.

என் வீட்டில் நான் பார்த்துப் பார்த்துச் செய்தது கரையைப் பார்த்த திண்ணையை. கட்டும் கருவியைத் திறந்து தரையில் சொடுக்கினால் அரை மீட்டர்ப் பெட்டி ஒன்று வந்து நிற்கும்; உடம்பெல்லாம் ஒட்டுப்பலகை நிறம். செகண்ட் லைஃபில் கட்டியவர்கள் பெரும்பாலோர் தொடங்கியது அந்தப் பெட்டியில்தான். அதை ஆறு மீட்டருக்கு நீட்டி, உயரத்தைக் குறைத்து, சிவப்புச் சிமெண்டுத் தரையின் படம் ஒன்றைப் 10 லிண்டன் டாலர் கொடுத்துப் பதிவேற்றி மேலே போர்த்தினேன். அதுவரை சுலபம். உட்கார வைப்பதில்தான் வேலை இருக்கிறது. ஸ்கிரிப்ட் இல்லாத பலகையில் உட்கார்ந்தால் அவதார் ஏதோ ஒரு பக்கம் திரும்பி, முழங்காலைச் சிமெண்டுக்குள் விட்டுக்கொண்டு உட்காரும். உட்காரும் புள்ளியை எண்களில் எழுதித் தர வேண்டும். அரை விரற்கடை தவறினாலும் ஆள் மிதப்பது தெரியும். நெட்டையானவருக்குச் சரிசெய்தால் குட்டையானவருக்குச் சரிவராது. கடைசியில் உட்காருபவரே ஏற்றி இறக்கிக்கொள்ளும்படி ஏவிசிட்டர் ஸ்கிரிப்டைப் போட்ட பிறகுதான் மனம் ஆறியது. இப்போது அந்தத் திண்ணையில் யார் வந்து உட்கார்ந்தாலும் முதுகு தூணில் சாயும், பாதம் தரையில் படும். இதில் எனக்குள்ள பெருமையை மறைக்கப் போவதில்லை.

அங்கே ஒரு நாள் என்பது நான்கு மணி நேரம். மூன்று மணி நேரம் பகல், ஒரு மணி நேரம் இரவு. வேலை முடிந்து எந்த நேரத்தில் நுழைந்தாலும் கொஞ்ச நேரம் காத்திருந்தால் ஒரு விடியல் கிடைக்கும். அதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிற சந்தோஷம் இன்றுவரை குறையவில்லை.

அதே திண்ணையில்தான் என் பொறுமையும் போகிறது.

பக்கத்து நிலத்துக்காரர் தன் கூரைக்கு மேலே பாதுகாப்பு உருண்டை ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார். 'ஆர்ப்' என்று அங்கே எல்லோரும் சொல்லும் சாதனம். எல்லைக்குள் யாராவது வந்தால் "பத்து வினாடிக்குள் வெளியேறவும்" என்று மிரட்டி, போகாவிட்டால் தூக்கி எறிந்துவிடும். உணரி ஸ்கிரிப்ட் அதிகபட்சம் 96 மீட்டர்வரை ஆள் இருப்பதைக் கண்டுபிடிக்கும். அவர் நிலத்தின் பக்கமோ என்னுடையதைப் போலவே 32 மீட்டர். ஒழுங்காக எழுதிய ஸ்கிரிப்ட் என்றால், கண்ணில் பட்ட ஆள் தன் நிலத்தின்மேல் நிற்கிறாரா என்று சரிபார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும். இவர் வைத்திருப்பது அப்படிப்பட்டதில்லை. என் திண்ணையில், என் நிலத்தில், நான் அழைத்து வந்து உட்கார வைத்த விருந்தாளியைப் பார்த்து "வெளியேறு" என்கிறது! ஆனால் அந்த உருண்டையால் என் விருந்தாளியைத் தூக்கி எறிய முடியாது. அந்த அதிகாரம் சொந்த நிலத்துக்குள் மட்டும்தான். இது புதிதாக வந்தவருக்கு எப்படித் தெரியும்? பாதிப் பேச்சில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்கள். வாசலில் வந்தவரை அடுத்த வீட்டுக்காரர் விரட்டினால் எப்படி இருக்கும்?

எழுதிக் கேட்டேன். "என் நிலம், என் விருப்பம்" என்று பதில் வந்தது. அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அழைக்காமல் வீட்டுக்குள் நுழைந்து படுக்கையில் உட்காருபவர்கள் உண்டு, வம்பு செய்வதற்கென்றே சுற்றுகிறவர்களும் உண்டு. அங்கே சாதாரணப் பேச்சு 20 மீட்டர் தூரம்வரை எட்டும். பக்கத்து நிலத்தில் பேசுவது தானாகவே காதில் விழுந்துவிடும். தனிமை வேண்டும் என்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆர்ப் அந்தத் தனிமையைத் தருவதில்லை. நின்ற இடத்திலிருந்தே கேமராவை நகர்த்திச் சுவருக்குள் பார்க்க யாராலும் முடியும், அதை எந்த ஆர்ப்பும் தடுக்காது. நில அமைப்புகளில் ஒரு தேர்வு இருக்கிறது: மற்ற நிலங்களில் இருப்பவர்கள் இங்குள்ளவர்களைப் பார்க்கவும் பேசவும் முடியும் என்பது. அதிலுள்ள டிக்கை எடுத்துவிட்டால் போதும். உள்ளே இருப்பவர்கள் வெளியே தெரிய மாட்டார்கள், பேச்சும் வெளியே வராது. காசு செலவில்லாத, யாரையும் விரட்டாத வழி. இதையும் அவருக்கு எழுதினேன். பதில் இல்லை.

அந்த ஸ்கிரிப்ட் ஆளை எங்கே தூக்கி எறிகிறது தெரியுமா? அவரவர் வீட்டுக்கு. செகண்ட் லைஃபில் ஒவ்வொரு கணக்கிலும் வீடு என்று ஒரே ஓர் இடத்தைக் குறித்து வைக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எச் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எங்கிருந்தாலும் அங்கே போய் நிற்போம். ஆர்ப் விரட்டினாலும் அங்கேதான் போவோம். வீடு குறிக்காதவர் ஏதாவது பொது இடத்தில், முன்பின் தெரியாத கூட்டத்தின் நடுவே போய் விழுவார். நிலம் எடுக்காத நாட்களில் எனக்கு அது நடந்திருக்கிறது. சொந்தத் துண்டு கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம், அந்தக் குறியைத் திண்ணையில் வைத்ததுதான்.

செகண்ட் லைஃப் 2003 ஜூனில் திறந்தது. 2006, 2007 வாக்கில் உலகமே அங்கே கடை விரித்தது. ராய்ட்டர்ஸ் செய்தி அலுவலகம் வைத்தது. அமெரிக்கன் அப்பேரல் துணிக்கடை திறந்தது, அடுத்த ஆண்டே மூடியது. 2007-ல் ஸ்வீடன் ஒரு தூதரகத்தையே திறந்தது. பளபளப்பான கட்டடங்கள், ஆனால் உள்ளே போனால் ஆள் இருக்க மாட்டார்கள். அவை ஒவ்வொன்றாகப் போயின. குடியிருப்பவர்கள் போகவில்லை. 2019-ல் பெல்லிசேரியா என்ற புதிய கண்டத்தைப் படகு வீடுகளோடும் புறநகர் வீடுகளோடும் திறந்தபோது, வைத்த வீடுகள் எல்லாம் உடனே தீர்ந்துபோய், இன்னும் கட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. விளம்பரத்துக்குக் கட்டியவை நிற்கவில்லை, நாற்காலி போட்டவை நின்றன.

இப்படி ஒரு வீட்டுக்கான ஆசை இன்றைக்கு வந்ததில்லை. 1986-ல் கமோடோர் 64 கணினியில் ஓடிய லூகாஸ்ஃபிலிமின் ஹேபிடாட் என்ற மெய்நிகர் உலகத்திலேயே ஒவ்வொரு அவதாருக்கும் ஒரு வீடு உண்டு. நிரந்தரம்தான் கிடையாது. தி சிம்ஸ் ஆன்லைன் என்ற இணைய விளையாட்டு 2008-ல் மூடப்பட்டபோது அங்கே கட்டியவை எல்லாம் அதோடு போயின. ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற இணைய விளையாட்டில் வீட்டுச் சொந்தக்காரர் 45 நாள் எட்டிப் பார்க்காவிட்டால் வீடு இடிக்கப்பட்டுவிடும். நிலம் அவ்வளவு தட்டுப்பாடு, குலுக்கல் போட்டுத்தான் தருகிறார்கள். 2022-ல் உக்ரைனில் போர் மூண்டபோது அந்த இடிப்பை நிறுத்தி வைத்தார்கள். குண்டு விழும் ஊரில் இருப்பவர் விளையாட்டில் நுழைய முடியாது, வந்து பார்க்கும்போது அந்த வீடாவது இருக்கட்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். "இல்லாத வீடு" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த முடிவுதான் நினைவுக்கு வருகிறது.

என் கரையில் நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். பாய்மரப் படகில் போகிறவர்களுக்கு மெயின்லேண்டுக் கரை பெரிய தலைவலி. வழியில் ஓர் ஆர்ப் தூக்கி எறிந்தால் ஆள் வீட்டுக்குப் போய்விடுவார், படகு அநாதையாக நின்று பிறகு உரியவரின் சரக்குப் பட்டியலில் 'தொலைந்தவை' உறைக்குத் திரும்பும். மறுபடி புறப்பட, படகைப் பட்டியலிலிருந்து எடுத்து இறக்க அனுமதியுள்ள ஓர் இடம் வேண்டும். அது சுலபத்தில் கிடைக்காது. அதற்காக என் நிலத்தில் யாரும் பொருள் இறக்கலாம் என்று திறந்துவிட்டு, இருபது நிமிடத்தில் தானாகத் திரும்பிவிடும்படி அமைத்தேன். சின்னத் துறை ஒன்றும் கட்டினேன். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். படகை இறக்கிவிட்டு உடனே போகாமல் திண்ணையில் உட்காருகிறார்கள். எந்தெந்த நாட்டிலிருந்தோ வருகிறார்கள், மொழிபெயர்ப்புக் கருவியை வைத்துக்கொண்டு பேசுகிறோம். நான் இல்லாதபோதும் வந்து உட்கார்ந்துவிட்டு, குறிப்பட்டை (எழுதி விட்டுச்செல்லும் சிறு குறிப்பு) போட்டுவிட்டுப் போகிறார்கள். "காற்று நன்றாக இருந்தது, திண்ணைக்கு நன்றி" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆண்டுச் சந்தா 99 டாலர் எனக்குக் கனக்காமல் இருப்பது இதனால்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, தோழிக்கு நான் சொல்லும் முடிவு: மெயின்லேண்டில் கரையோர நிலம் வாங்காதே. நேற்று மாலையும் என் விருந்தாளி ஒருவரை அந்த உருண்டை எழுப்பி அனுப்பிவிட்டது. அந்தக் கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன், அதற்காக முடிவை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. பெல்லிசேரியாவுக்குப் போ. அங்கே ஆர்ப் வைத்தாலும் குறைந்தது 15 வினாடி அவகாசம் தர வேண்டும் என்பது விதி. வீடு நிறுவனம் தருவதுதான், உன் கையால் முழுசாகக் கட்ட முடியாது. அது பெரிய இழப்பு. ஆனாலும் உன்னைத் தேடி வந்தவர் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்.

நான் என் துண்டை விடவில்லை, சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். கரையோரம் ஆர்ப் வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: சதுரத் துண்டின் நடுவில் வைத்திருந்தால் உணரும் தூரத்தை 16 மீட்டராகக் குறையுங்கள், எச்சரிக்கை நேரத்தை அரை நிமிடமாக்குங்கள். மெனுவில் இரண்டு எண்களை மாற்றும் வேலைதான்.