எஸ்கியூஎல் சர்வர் 2019-இலிருந்து 2016-க்கு: எந்த வழியில் இறங்குவது?

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரின் 2019 பதிப்பில் எடுத்த பேக்கப்பை 2016-இல் ரீஸ்டோர் செய்ய முனைந்தால், 3169 என்ற பிழை எண்ணோடு வேலை அங்கேயே நின்றுவிடும். 2019-இல் தரவுத்தளத்தின் உள் பதிப்பு எண் 904. 2016-க்குத் தெரிந்தது 852 வரைதான். கம்பாட்டிபிலிட்டி லெவல் என்ற அமைப்பை 2016-க்குரிய 130-க்குக் குறைத்துவிட்டுப் பேக்கப் எடுத்தால் போதும் என்று நம்பி ஓர் இரவைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன். அந்த அமைப்பு க்வெரிகள் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றுமே தவிர, 904-ஐத் தொடாது. ஆகவே, காலியான புதுத் தரவுத்தளத்தை 2016-இல் உருவாக்கி, அதில் அனைத்தையும் மறுபடி கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

எஸ்கியூஎல் சர்வரை நிர்வகிக்கும் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவின் ஜெனரேட் ஸ்கிரிப்ட்ஸ் வசதியில், இலக்குப் பதிப்பை 2016 என்று குறித்து, ஸ்கீமாவையும் (டேபிள்கள் முதலியவற்றின் கட்டமைப்பு) டேட்டாவையும் ஒரே கோப்பில் எடுக்கலாம். சிறிய தரவுத்தளத்துக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் இன்சர்ட் எழுதப்படுவதால், கோப்பு சில ஜிபியைத் தாண்டியதும் ஸ்டுடியோவால் அதைத் திறக்கவே முடியாமல் போகும். மேலும், ஸ்டோர்டு புரொசீஜரின் (தரவுத்தளத்திலேயே சேமித்த நிரல்) உள்ளே இருப்பதை அது மாற்றித் தராது. 2017-இல் வந்த ஸ்ட்ரிங்_அக், ட்ரிம் ஆகிய ஃபங்ஷன்களை நாமேதான் தேடிப் பழைய முறையில் எழுதவேண்டும்.

இம்போர்ட்-எக்ஸ்போர்ட் விசார்டு பிரைமரி கீ, ஃபாரின் கீ, இன்டெக்ஸ் எதையும் கொண்டுவராது. ஒன்றிரண்டு டேபிள்களுக்கு மட்டும் அது சரி. ஸ்கீமாவையும் டேட்டாவையும் ஒன்றாகப் பொதியும் பேக்பேக் (.bacpac) கோப்பு வசதியானதுதான், ஆனால் வேறொரு தரவுத்தளத்தைச் சுட்டும் ஒரே ஒரு வியூ (சேமித்துவைத்த க்வெரி) இருந்தாலும் எக்ஸ்போர்ட் தடைபடலாம். சேவையை நிறுத்தவே முடியாது என்ற நிலையில் மாற்றங்களை உடனுக்குடன் மற்றொரு சர்வருக்கு அனுப்பும் டிரான்ஸாக்ஷனல் ரெப்ளிகேஷனை எண்ணிப் பார்க்கலாம். அனுப்பும் பப்ளிஷருக்கும் பெறும் சப்ஸ்கிரைபருக்கும் இடையே இரண்டு பதிப்பு இடைவெளிவரை அது அனுமதிக்கும் என்பதால் 2019-2016 இணை விளிம்பில் தப்பிவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு டேபிளுக்கும் பிரைமரி கீ இருந்தாகவேண்டும்.

பெரிய தரவுத்தளத்துக்கு நான் தேர்ந்தெடுப்பது, ஸ்கீமாவை மட்டும் ஸ்கிரிப்டாக எடுத்து, டேட்டாவை பிசிபி (டேட்டாவை மொத்தமாக எடுத்து ஏற்றும் கட்டளைக் கருவி) வழியாக நகர்த்தும் முறையைத்தான். எழுத்து வடிவில் எடுக்காமல் நேட்டிவ் வடிவில் எடுத்தால் வேகமும் கிடைக்கும். யூனிகோடு எழுத்துகளுக்கான என்வார்சார் வகைப் பத்தியிலுள்ள தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறும் தொல்லையும் இராது. உள்ளே ஏற்றும்போது ஐடென்டிட்டி (சர்வர் தானே வழங்கும் வரிசை எண்) மதிப்புகளைக் காக்கும் தெரிவைச் சேர்க்க மறந்தால், ஆர்டர் எண்கள் புதிதாக முளைத்து, ஆர்டரும் அதன் விவரங்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போய்விடும். பிசிபி இயல்பாக ஃபாரின் கீயைச் சரிபார்ப்பதில்லை என்பதால் இந்தப் பிழை அப்போது வெளியே தெரியாது. ஃபாரின் கீ போன்ற அந்த கன்ஸ்ட்ரெயின்ட்கள் (கட்டுப்பாட்டு விதிகள்) நம்பத்தகாதவை என்று மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். ஏற்றி முடித்தபின் ஒவ்வொரு டேபிளுக்கும் ‘வித் செக் செக் கன்ஸ்ட்ரெயின்ட் ஆல்’ என்று ஆல்டர் கட்டளை கொடுக்கவேண்டும். ‘செக்’ இருமுறை வருவது அச்சுப்பிழையன்று. முன்னுள்ள ‘வித் செக்’ விடுபட்டால் கன்ஸ்ட்ரெயின்ட் இனி வரும் வரிசைகளுக்கு இயங்கும், ஆனால் ஏற்கெனவே உள்ளே வந்த வரிசைகளைத் திரும்பிப் பார்க்காது.