இரண்டு அச்சா, மூன்று அச்சா? ட்ரோனுக்கு எந்த கிம்பல் சரி?

சொந்தமாக அசெம்பிள் செய்த ட்ரோனில் ஆக்‌ஷன் கேமராவை மாட்டிப் படம் எடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, கேமராவை ஆடாமல் நேராகப் பிடிக்கும் கருவியான கிம்பல் இரண்டு அச்சில் போதுமா, மூன்று அச்சு வேண்டுமா என்பதைத்தான். அட்டைப்பெட்டியில் உள்ள விவரங்களை மட்டும் பார்த்தால் மூன்றுதான் ஜெயிக்கும். ஆனால் கிம்பலை வாங்குவதோடு வேலை முடிவதில்லை. அதை மாட்டி, பேலன்ஸ் செய்து, மக்கர் செய்யும்போது எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த உழைப்பையும் கணக்கில் சேர்த்தால், முதல் கிம்பலாக இரண்டு அச்சையே பரிந்துரைப்பேன்.

ட்ரோன் பக்கவாட்டில் சாய்வது ரோல், மூக்கு மேலும் கீழும் போவது பிட்ச், நின்ற இடத்தில் திரும்புவது யா. முன்னோக்கிப் பறக்க ட்ரோன் முன்னால் சாய்ந்தே ஆக வேண்டும், பக்கவாட்டில் நகர பக்கவாட்டில் சாய்ந்தே ஆக வேண்டும். வீடியோவைக் கெடுக்கும் பெரிய அசைவுகள் இந்த இரண்டும்தான். இரண்டு அச்சு கிம்பல் இவற்றைப் பார்த்துக்கொள்கிறது. யாவை, ட்ரோனை நிலையாகப் பறக்க வைக்கும் ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டே ஓரளவு பிடித்து வைத்திருக்கும். மிச்சம் இருப்பது காற்றில் வரும் சின்னச் சின்ன வெட்டுகளும், ஸ்டிக்கைத் திருப்பும்போது வரும் குலுக்கலும். அகலக் கோண லென்ஸில் இது அவ்வளவாக உறுத்தாது. ரிமோட்டில் யா சேனலுக்கு எக்ஸ்போவை (ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் அமைப்பு) கூட்டி, திரும்பும் வேகத்தைக் குறைத்தால் இன்னும் மட்டுப்படும். குறுகிய கோண லென்ஸ் போட்டால் கதை வேறு. அங்கே ஒவ்வொரு வெட்டும் பெரிதாகத் தெரியும், மூன்றாவது மோட்டார் தேவைப்படும்.

அந்த மூன்றாவது மோட்டார் தனியாக வருவதில்லை. கூடவே இன்னொரு கை, கூடுதல் எடை, கீழே தொங்கும் உயரம், அதற்கு ஈடாக உயரமான லேண்டிங் கியர் எல்லாம் வரும். இதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு. ரோலுக்கும் பிட்சுக்கும் எது நேர் என்று சொல்லப் புவியீர்ப்பு இருக்கிறது, ஆக்ஸிலரோமீட்டர் அதைப் படித்துக்கொள்ளும். யாவுக்கு அப்படி ஒரு ஆதாரம் கிடையாது. சுழலும் வேகத்தை அளக்கும் கைரோ மட்டும் தனியாகக் கணக்குப் போட்டால் பிழை கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், கேமரா மெல்ல ஒரு பக்கம் ஒதுங்கும். அதனால்தான் மூன்று அச்சு கிம்பலில் ஃபிரேமில் இரண்டாவது சென்சார், அல்லது மோட்டார்களில் கோணத்தை அளக்கும் என்கோடர், அல்லது ஃப்ளைட் கன்ட்ரோலரிடமிருந்து வரும் திசைத் தகவல் என ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது. ஒற்றை சென்சாரோடு விற்கப்படும் மூன்று அச்சு கிம்பலை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பேலன்ஸ் விஷயத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கையில் எடுத்தாலே தெரியும். பேட்டரி, மெமரி கார்டு, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி (ND) ஃபில்டர் என்று பறக்கும்போது கேமராவில் இருக்கப்போகும் எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். மின்சாரம் கொடுக்காமல் கேமராவை நேராகப் பார்க்க வைத்து விரலை எடுங்கள். மூக்கு கவிழ்ந்தால் கேமராவைப் பின்னால் தள்ள வேண்டும், நிமிர்ந்தால் முன்னால். பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். அடுத்து கேமராவை நேர் கீழே பார்க்கத் திருப்பி மறுபடி விரலை எடுக்க வேண்டும். மேல்-கீழ் நிலையில் உள்ள பிசகு அப்போதுதான் வெளிப்படும். இரண்டு நிலையிலும் விட்ட இடத்தில் நின்றால் பிட்ச் முடிந்தது. பிறகு ரோல். இரண்டு அச்சில் அவ்வளவுதான். மூன்று அச்சில் ட்ரோனையே கையில் தூக்கிப் பக்கவாட்டில் சாய்த்து, கேமராவும் கைகளும் சேர்ந்து ஊஞ்சல் போல ஒரு பக்கம் ஆடிப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். போனால், யா மோட்டாரின் அச்சுக்கு நேர் கீழே எடை இல்லை என்று அர்த்தம்.

இதில் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. என்கோடர் இல்லாத கிம்பல் மோட்டார் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது கிம்பலை ஓட்டும் கன்ட்ரோலர் போர்டுக்கு நேரடியாகத் தெரியாது. காயில்களின் காந்தப்புலத்தைத் திருப்பி, ரோட்டார் கூடவே வரும் என்று நம்பி ஓட்டுகிறது. எடை ஒருபக்கம் இழுத்தால் ரோட்டார் பிடியை விட்டுத் தாவும், கேமரா சட்டென்று துள்ளும். அதை மறைக்க பவர் அளவைக் கூட்டினால் மோட்டார் கொதிக்கும். சிம்பிள்பிஜிசி என்ற கிம்பல் கன்ட்ரோலரில் பவர் 0 முதல் 255 வரை வைக்கலாம். சில நிமிடம் ஓட்டிய பிறகு மோட்டாரில் விரல் வைக்க முடியவில்லை என்றால், பவரைத் தொடுவதற்கு முன் பேலன்ஸைத் திரும்பப் பாருங்கள். அசைவுக்கு மோட்டார் எவ்வளவு வலுவாக எதிர்வினை காட்ட வேண்டும் என்று அமைக்கும் பிஐடி டியூனிங்கும் கேமரா மாட்டிய நிலையில்தான். அதில் பி அளவை நடுக்கம் வரும் வரை கூட்டி, பிறகு கொஞ்சம் இறக்கி வைத்தால் பெரும்பாலும் போதும்.

கன்ட்ரோலர் போர்டில் சிம்பிள்பிஜிசி, ஸ்டார்ம்32 என்று இரண்டு பெயர்கள் அடிபடும். சிம்பிள்பிஜிசியின் பழைய 8-பிட் போர்டு அடிப்படையில் இரண்டு அச்சுக்கானது, மூன்றாவதற்குத் துணை போர்டு சேர்க்க வேண்டும். 32-பிட் பதிப்பு மூன்றையும் தானே ஓட்டும், ஃபிரேம் சென்சாரையும் ஏற்கும். அமைப்புப் பக்கங்கள் தெளிவாக இருக்கும், புதிதாக வருபவர் தடுமாறமாட்டார். ஸ்டார்ம்32 தொடக்கத்திலிருந்தே மூன்று அச்சுக்காக வடிவமைக்கப்பட்டது. ஃப்ளைட் கன்ட்ரோலரில் ஓடும் ஆர்டுபைலட் மென்பொருளோடு மேவ்லிங்க் என்ற தொடர்புமுறை வழியே நன்றாகப் பேசும், ஆர்டுபைலட்டில் மவுன்ட் வகையை 4 என்று வைக்க வேண்டும். சிம்பிள்பிஜிசியை சீரியலில் இணைத்தால் அது 3. இரண்டு அச்சுக்கு இவ்வளவு தேவையில்லை. ரிசீவரில் சும்மா இருக்கும் ஒரு சேனலை பிட்ச் உள்ளீட்டில் கொடுத்தால் கேமரா ஏறி இறங்கும். கிம்பலுக்குத் தனி மின்சாரம் இருந்தால் சிக்னலும் கிரவுண்டும் மட்டும் இணையுங்கள். இரண்டு 5 வோல்ட் வெளியீடுகளை ஒன்றோடொன்று கோக்கக் கூடாது.

கிம்பல் விஷயத்தில் அதிகம் தலைவலி கொடுப்பது சென்சார் வயர்தான். கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சென்சார், பெரும்பாலும் எம்பியூ-6050, ஐ2சி மூலம் போர்டோடு பேசுகிறது. ஐ2சி 1982இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் ஒரே போர்டில் உள்ள சிப்புகள் தங்களுக்குள் பேச உருவாக்கியது. அதை நீள வயரில், மோட்டார் வயர்களை உரசிக்கொண்டு கொண்டுபோனால் பிழை வராமல் எப்படி இருக்கும்? கிம்பல் நன்றாக நின்றுகொண்டே இருந்து திடீரென்று வெட்டி இழுக்கும், அல்லது உறைந்துவிடும். சிம்பிள்பிஜிசி மென்பொருளில் ஐ2சி பிழை எண்ணிக்கை திரையிலேயே தெரியும். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். கிம்பல் மோட்டார்களை ஆன் செய்ததும் எண் ஏறினால் மோட்டார் வயர்தான் காரணம். வீடியோ டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்ததும் ஏறினால் ஆன்டெனாவைத் தள்ளி வைக்க வேண்டும். வயரைக் குட்டையாக்கி, முறுக்கி, மோட்டார் வயரிலிருந்து பிரித்து, ஃபெரைட் வளையம் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்று அச்சில் இதே வயர் இன்னொரு மூட்டைத் தாண்டி, இன்னொரு மோட்டாரின் பக்கத்தில் போகிறது. நீளமும் கூடுகிறது, தொந்தரவும் கூடுகிறது. ஸ்டார்ம்32இன் என்டி (NT) வகை சென்சார்கள் ஐ2சி வயரையே தவிர்த்து வேறு தொடர்முறையில் பேசுவதால், மூன்று அச்சுக்குப் போகிறவர்களுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

அடிவானம் சாய்வதில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆன் செய்ததிலிருந்தே சாய்ந்திருந்தால் சென்சார் காலிபரேஷன் சரியில்லை, அல்லது ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் ட்ரோன் அசைந்திருக்கிறது. நீண்ட வளைவில் பறந்த பிறகு சாய்ந்து, கொஞ்ச நேரத்தில் தானே நேரானால், வளைவின் விசையை ஆக்ஸிலரோமீட்டர் புவியீர்ப்பு என்று எண்ணிவிட்டது. கைரோவுக்குக் கூடுதல் நம்பிக்கை கொடுக்கும் அமைப்பை ஏற்றினால் குறையும்.

ஜெல்லோ எனப்படும் படக் குழைவுக்கு கிம்பலைக் குறை சொல்லிப் பயனில்லை. புரொபெல்லரை பேலன்ஸ் செய்யுங்கள், ரப்பர் பந்துகள் கேமராவின் எடைக்கு மிகக் கெட்டியாக இல்லையா என்று பாருங்கள், விறைப்பான வயர் எதுவும் ரப்பரைத் தாண்டிப் பாலம் போடுகிறதா என்றும் பாருங்கள்.

கிம்பலே வேண்டாம், கேமராவின் ஸ்டெபிலைசேஷன் போதும் என்பது மூன்றாவது வழி. 2018இல் கோப்ரோ ஹீரோ7 பிளாக்கில் கேமராவுக்குள்ளேயே குலுக்கலை நேராக்கும் ஹைப்பர்ஸ்மூத் வந்த பிறகு இந்தப் பேச்சு வலுத்தது, பதிவான கைரோ தகவலை வைத்து வீடியோவைப் பிறகு நேராக்கும் கைரோஃப்ளோ மென்பொருள் அதை இன்னும் வலுவாக்கியது. வேகமாகப் பறந்து அடிக்கடி மோதும் சின்ன ட்ரோன்களுக்கு இதுவே சரி. ஆனால் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும், ஷட்டர் வேகமாக இருக்க வேண்டும். மாலை வெளிச்சத்தில் ஷட்டர் மெதுவாகும்போது, நேராக்கிய படத்திலும் மங்கல் துடித்துக்கொண்டே இருக்கும். அந்த வெளிச்சத்தில் கிம்பலுக்கு இணையே இல்லை.

எனக்குப் பிடித்த கூட்டணி, இரண்டு அச்சு கிம்பலும் கைரோ தகவலைப் பதிவு செய்யும் கேமராவும். பறக்கும்போது கேமராவின் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு, மிஞ்சும் யா வெட்டுகளைப் பிறகு கைரோஃப்ளோவில் மென்மையாக்கலாம். ஈடுகட்ட வேண்டிய அசைவு சிறிது என்பதால் ஓரமும் கொஞ்சம்தான் போகும்.

குறுகிய லென்ஸோ, ஒரு பொருளைச் சுற்றிவரும் நீண்ட ஷாட்டோ உங்கள் தேவையென்றால் மூன்று அச்சுக்கே போங்கள். அப்போதும் மூன்றையும் ஒரே நேரத்தில் எழுப்ப வேண்டாம். ரோலுக்கும் யாவுக்கும் பவரை 0 வைத்து, அந்தக் கைகளைக் கையால் பிடித்துக்கொண்டு, முதலில் பிட்சை மட்டும் டியூன் செய்யுங்கள். அது நடுங்காமல் நின்ற பிறகு ரோல், கடைசியில் யா.