வாடகை 100 என்றார்கள், நான் கொடுத்தது 137: பெருநகரில் வீடு தேடுவோர் கவனத்திற்கு

பெருநகரில் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள், டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இந்தப் பதிவை முழுவதும் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு வீட்டில் சரியாக இரண்டு ஆண்டுகள் குடியிருந்து, சில மாதங்களுக்கு முன் காலி செய்தேன். ஒரு மாதம்கூட வாடகை தவறியதில்லை, அக்கம்பக்கத்தில் என்மீது ஒரு புகாரும் இல்லை. ஆனாலும் நான் கொடுத்திருந்த முன்பணத்தில் சரிபாதிதான் கைக்கு வந்தது. உரிமையாளர், தரகர் ஆகியோரின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் கையாண்ட முறையை நீங்கள் அடையாளம் கண்டுகொண்டால் எனக்குப் போதும்.

வாடகை ஊருக்கு ஊர் மாறும் என்பதால், விளம்பரத்தில் இருந்த மாத வாடகையை 100 என்று வைத்துக்கொண்டு கணக்கைச் சொல்கிறேன். உங்கள் ஊர் வாடகையை அந்த இடத்தில் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டைப் பார்க்கப் போன அன்று தரகர் என்னிடம் சொன்ன தொகைகள் இரண்டே இரண்டு: வாடகை 100, முன்பணம் 600. வீடு காற்றோட்டமாக இருந்தது, அலுவலகத்துக்கும் அருகில் இருந்தது. நான் ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே அவர், "மேடம், சாயங்காலம் இன்னும் ரெண்டு ஃபேமிலி பார்க்க வர்றாங்க. இப்பவே டோக்கன் போட்டுட்டீங்கன்னா வீட்டை நிறுத்தி வெச்சிடலாம்" என்றார். ஒரு மாத வாடகையை, அதாவது 100ஐ, அங்கேயே கைப்பேசியில் அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை. எதற்காக அந்தப் பணம், ஒத்துவராவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்று ஒரு வரி எழுதியும் வாங்கவில்லை.

நான்கு நாள் கழித்து ஒப்பந்தம் வந்தது. நான் கேள்விப்படாதவை எல்லாம் அதில்தான் இருந்தன. பராமரிப்புக்கும் தண்ணீருக்கும் சேர்த்து மாதம் 15, ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீத வாடகை உயர்வு, காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகை, உள் மீட்டரின்படி (மின்வாரியத்தின் தனி இணைப்பாக இல்லாமல், உரிமையாளரின் இணைப்புக்குக் கீழே வைக்கும் துணை மீட்டர்) மின்கட்டணம், உரிமையாளர் சொல்லும் யூனிட் விலையில். சாவி 9ஆம் தேதிதான் கிடைக்கும், ஆனால் வாடகை ஒன்றாம் தேதியிலிருந்து கணக்கு. இவற்றை முன்பே ஏன் சொல்லவில்லை என்று தரகரிடம் கேட்டதற்கு, எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம் என்றும், வேண்டாம் என்றால் டோக்கன் திரும்ப வராது என்றும் பதில் சொன்னார். ஒரு மாத வாடகையை இழப்பதா, இந்த நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொள்வதா என்ற இடத்தில் என்னைக் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் அவர்கள் ஒப்பந்தத்தைக் கண்ணில் காட்டினார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டைப் பிடித்து வைப்பதற்கென்று நான் கொடுத்த பணம், உண்மையில் என்னைப் பிடித்து வைக்கத்தான் பயன்பட்டது. கையெழுத்துப் போட்டேன். தரகுக் கூலியாக இன்னொரு 100ஐயும் கொடுத்தேன்.

ஆண்டுக்கு 10 சதவீதம் என்பது காதில் விழும்போது சிறியதாகத் தோன்றும். அது கூட்டுவட்டியைப் போல ஏறுவது. ஏழே ஆண்டுகளில் 100 ரூபாய் வாடகை ஏறத்தாழ 195 ஆகிவிடும். சம்பளம் அந்த வேகத்தில் ஏறுகிறதா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே கணக்குப் பார்ப்பது நல்லது. இதே உயர்வு 5 சதவீதமாக இருந்தால் வாடகை இரட்டிப்பாக ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஆகும். பேரம் பேசும்போது முதல் மாத வாடகையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லி மன்றாடுகிறவர்கள், இந்த சதவீதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதே இல்லை. நானும் கேட்கவில்லை.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஆண்டுக்கணக்கில் இதைக் கவனிக்காமலேயே பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் நான் பத்து நாள் வெளியூர் சென்றிருந்தேன். குளிர்சாதனப் பெட்டியைக்கூட அணைத்துவிட்டுத்தான் போனேன். ஆனாலும் அந்த மாதக் கட்டணம் பெரிதாகக் குறையவில்லை. ஒரு விடுமுறை நாள் பிற்பகலில் வீட்டின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, மாடிப்படிக்கு அடியில் இருந்த உள் மீட்டரின் முன் போய் நின்றேன். வீட்டுக்குள் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஆனால் மீட்டரில் இருந்த சிறிய சிவப்பு விளக்கு, இருபது நொடிக்கு ஒருமுறை மின்னிக்கொண்டே இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் எண்ணினேன், பதினைந்து முறை. மீட்டரின் முகப்பில் 3200 என்ற எண் அச்சிடப்பட்டிருந்தது, 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்பது அதன் பொருள். அந்தக் கணக்கில் யாரோ பயன்படுத்தும் ஐம்பது, அறுபது வாட் மின்சாரம் என் மீட்டர் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. நடைபாதை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். மின்னுவது நின்றது.

அதோடு முடிந்திருந்தால் நான் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன். நான் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே யாரோ மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் போட்டார்கள். அந்தச் சிவப்பு விளக்கு படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கியது, நிமிடத்துக்கு ஐம்பது முறை. மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட். நான்கு குடும்பங்களுக்குத் தண்ணீர் ஏற்றிய மின்சாரத்துக்கு, மாதாமாதம் பராமரிப்புக் கட்டணமும் கட்டிவிட்டு, தனியாக நானும் பணம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். உரிமையாளரிடம் சொன்னேன். "பழைய வயரிங், நான் பார்க்கிறேன்" என்றார். நான் காலி செய்யும் நாள்வரை அவர் பார்க்கவில்லை.

யூனிட் விலையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல இடங்களில் பயன்பாடு கூடக்கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். பல குடும்பங்கள் ஒரே இணைப்பின் கீழ் இருந்தால், எல்லோருடைய பயன்பாடும் ஒன்றாகச் சேர்ந்து மேல்படிக்குப் போய்விடும். உரிமையாளர் அந்த மேல்படி விலையையே ஒவ்வொருவரிடமும் எல்லா யூனிட்டுக்கும் வாங்குவார். தனி இணைப்பு இருந்தால் அதில் பாதிகூட வராத சிக்கனமான குடும்பத்துக்கும் அதே விலைதான். ஆகவே வீடு பார்க்கும்போதே மீட்டர் தனி இணைப்பா, உள் மீட்டரா என்று கேளுங்கள். உள் மீட்டர் என்றால் மின்வாரியத்தின் கடைசி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். மெயினை இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் மீட்டரைப் பார்க்க அனுமதிக்காத உரிமையாளரின் வீட்டை நான் இனி எடுக்க மாட்டேன்.

காலி செய்தபோது நடந்தது இதைவிடக் கசப்பானது. வேறு ஊருக்கு மாற்றல் வந்ததால், ஒப்பந்தப்படி ஒரு மாதத்துக்கு முன் தொலைபேசியில் உரிமையாளருக்குத் தெரிவித்தேன். சரி என்றார். இரண்டு வாரம் கழித்து எதற்கும் இருக்கட்டும் என்று எழுத்திலும் அனுப்பினேன். கடைசி நாளன்று அவர் வரவில்லை, சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிடும்படியும், கணக்கைப் பிறகு முடிக்கலாம் என்றும் சொல்லி அனுப்பினார். லாரி வாசலில் நின்றது, அம்மா வண்டியில் காத்துக்கொண்டிருந்தார். சாவியைக் கொடுத்துவிட்டேன். முன்பணம் கையில் வராமல், வீட்டை இருவரும் சேர்ந்து சுற்றிப் பார்த்துக் கையெழுத்திடாமல் சாவியைக் கொடுப்பது, கேட்பதற்குக் கையில் இருந்த ஒரே பிடியையும் விட்டுவிடுவதாகும் என்று அப்போது எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

ஐந்து வாரம் கழித்துக் கையால் எழுதிய ஒரு தாளின் படம் வந்தது. பெயிண்ட் 110. அறிவிப்புக் கால வாடகை 55, ஏனென்றால் தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராதாம், எழுத்தில் அனுப்பிய நாளிலிருந்துதான் கணக்காம். சுத்தம் செய்ய 25. மின்கட்டணப் பாக்கி 30, எந்த மாதத்துப் பாக்கி என்பது எழுதப்படவில்லை. பழுதுபார்ப்பு 130. ஆக 600இல் 350 போய், மீதி 250.

பழுதுபார்ப்புக் கணக்கில் சமையலறை சிங்குக்குக் கீழே இருந்த அலமாரியின் அடிப்பலகைக்கு மட்டும் 50 போட்டிருந்தார்கள். குடிபுகுந்த முதல் நாளில், சமையலறை எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டதற்காக நான் எடுத்து அனுப்பிய ஒரே ஒரு படம் கைப்பேசியில் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்தப் பலகை அன்றைக்கே தண்ணீர் ஊறி ஓரம் பிரிந்து, மூலையில் கறுத்துப் போயிருந்தது தெளிவாகத் தெரிந்தது. தேதியுடன் அந்தப் படத்தை அனுப்பிய பிறகு அந்த 50ஐ மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். முன்பணத்தில் பாதி, 300, திரும்பி வந்தது. ஒரு படத்துக்கே 50 திரும்பியது என்றால், முதல் நாளிலேயே ஒவ்வொரு அறையையும் நிதானமாக வீடியோ எடுத்து, குழாய், சுவர், தரை, கதவு, மீட்டர் அளவு எல்லாவற்றையும் அன்றே உரிமையாளருக்கு அனுப்பி வைத்திருந்தால் எவ்வளவு திரும்பியிருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

மொத்தக் கணக்கு இதுதான். முதல் ஆண்டு வாடகை 1200, இரண்டாம் ஆண்டு 1320, பராமரிப்பு 360, தரகு 100, முன்பணத்தில் பிடித்தது 300. கூட்டினால் 3280. இருபத்து நான்கு மாதத்துக்கு வகுத்தால் மாதம் ஏறத்தாழ 137. மோட்டாருக்கும் நடைபாதை விளக்குக்கும் நான் கட்டியதை இதில் சேர்க்கவில்லை. இரண்டு ஆண்டுகள் வட்டியில்லாமல் அவரிடம் கிடந்த 600ஐ 6 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் 72 கிடைத்திருக்கும், அதையும் சேர்க்கவில்லை.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் துணை நிற்கும் என்பது நீங்கள் வாழும் நாட்டைப் பொறுத்தது. ஜெர்மனியில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கொடுக்கலாம், உரிமையாளர் அதைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியாக வைத்திருக்க வேண்டும். தரகரை அமர்த்தியவரே தரகுக் கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் அங்கே 2015இலிருந்து இருக்கிறது. இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம், மிக உயர்ந்த வாடகை வீடுகளைத் தவிர்த்து, முன்பணத்தை ஐந்து வார வாடகையோடு நிறுத்திவிட்டது. வாங்கிய பணத்தை 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். நியூயார்க்கில் 2019 முதல் ஒரு மாத வாடகைதான் முன்பணம், காலி செய்த 14 நாளுக்குள் எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று பிரித்து எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 2021இல் வெளியான மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத வரம்பைச் சொல்கிறது, ஆனால் அது மாதிரிதான், அந்தந்த மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் செல்லும். இத்தனை நாடுகள் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது என்பதே, எனக்கு நேர்ந்தது ஓர் ஊரின், ஒரு மனிதரின் குணக்கேடு மட்டும் இல்லை என்பதைக் காட்டுகிறது. உங்கள் ஊர் விதியை டோக்கன் கொடுப்பதற்கு முன் ஒருமுறை தேடிப் படியுங்கள்.

தரகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியாக இப்போது நான் வைத்திருப்பது வாடகையை இல்லை. "இரண்டு ஆண்டு இருந்து காலி செய்தால், என் கையை விட்டுப் போய்த் திரும்பி வராத மொத்தத் தொகை எவ்வளவு?" என்று கேட்கிறேன். அதை எழுதி அனுப்பச் சொல்கிறேன். ஒப்பந்தத்தின் நகலைப் படிக்காமல் ஒரு காசும் கொடுப்பதில்லை. புதிய ஊரில் நான் பார்த்த வீடுகளில் மூன்று தரகர்கள் அதற்குப் பிறகு என்னைத் திரும்ப அழைக்கவே இல்லை. நான்காமவர் எழுதி அனுப்பினார். அந்த வீட்டில்தான் இப்போது இருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. பெயிண்டுக்காக 110 பிடித்ததற்கு உரிமையாளர் சொன்ன காரணம், படுக்கையறைச் சுவரில் நான் அடித்திருந்த நான்கு ஆணிகளின் துளைகள். அப்பாவின் படத்தையும் ஒரு கடிகாரத்தையும் இரண்டு துணிக்கொக்கிகளையும் மாட்ட அடித்த ஆணிகள் அவை. காலி செய்து மூன்று மாதம் ஆன பிறகு அதே வீடு மீண்டும் விளம்பரத்தில் வந்ததைத் தோழி ஒருத்தி பார்த்து எனக்கு அனுப்பினாள். வாடகை, நான் கடைசியாகக் கொடுத்ததைவிடக் கூடுதல். படுக்கையறைப் படத்தில், ஜன்னலுக்கு இடப்புறம், அந்த நான்கு துளைகளும் அப்படியே இருந்தன. அப்பாவின் படம் மாட்டியிருந்த இடத்தில் சுவர் சதுரமாகச் சற்று வெளிறியிருந்ததுகூட மாறவில்லை.

அந்தப் படத்தை இணைத்து, பெயிண்ட் அடித்ததற்கான ரசீதைக் கேட்டு, உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். இன்றுவரை பதில் இல்லை. நேற்று பார்த்தபோது விளம்பரம் நீக்கப்பட்டிருந்தது. யாரோ டோக்கன் கொடுத்துவிட்டார்கள்.