கர்வ் ஆப்டிமைசரா, வாட் வரம்பா?

தக்கலையில் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் சோலி. மெஷினில் இருப்பது ஏஎம்டியின் ஆறு கோர் சில்லு, ரைசன் 5 5600எக்ஸ். மேலே தகர ஷீட் போட்ட அறை, ஏசி கிடையாது. சித்திரை வெயிலில் ரெண்டர் போட்டால் 86 டிகிரி. பயாஸுக்குள் (போர்டின் அடிப்படை செட்டிங் திரை) போய், ஒவ்வொரு வேகத்துக்கும் கோருக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைக்கிற கர்வ் ஆப்டிமைசரை எல்லா கோருக்கும் மைனஸ் 30 என்று வைத்தேன். சூடு இறங்கியது, வேகமும் ஒரு துளி கூடியது.

மூணாம் நாள் டீ குடித்துவிட்டு வந்தால் திரையில் லாகின் நிற்கிறது. நீலத்திரைகூட இல்லை, தானாக ரீஸ்டார்ட். ஒரு மணி நேர ரெண்டரை ஒழுங்காக முடிக்கும், சும்மா கிடக்கும்போதுதான் விழும். காரணம் நான் வைத்த அந்த மைனஸ்தான். ரெண்டரில் ஆறு கோரும் சுமை சுமப்பதால் கிளாக் (கோர் ஓடும் வேகம்) அடங்கியே இருக்கும். ஓய்வில் இருக்கையில் ஏதோ ஒரு கோர் மட்டும் சட்டென்று 4.6 கிகாஹெர்ட்ஸுக்கு எகிறும். அங்கேதான் வோல்ட்டேஜ் பத்தாமல் போகிறது. ஒரு புள்ளிக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும் என்றால் 30 புள்ளிக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"அண்ணே, பூஸ்ட்ட ஆஃப் பண்ணிப் போடுங்க, சோலி முடிஞ்சு" என்றான் சர்வீஸ் பார்க்கும் தம்பி. முடியும்தான். ஆனால் பூஸ்ட் என்ற அந்த எகிறலே இல்லாமல் கிளாக் 3.7 கிகாஹெர்ட்ஸிலேயே நிற்கும், டைம்லைன் இழுக்கும்போது கை வலிக்கும். வேண்டாம்.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, கர்வை விடாமல் கோர் கோராகச் சரி செய்வது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வீயா லாகர் 18 என்ற ஹார்ட்வேர் பிழைப் பதிவைத் திறந்தால், எந்த த்ரெட்டில் பிழை என்று சொல்லும் ஏபிஐசி ஐடி இருக்கும். எனக்கு 8 என்று காட்டியது. ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் என்பதால் பாதியாக்கி, பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 4-ஆம் கோர். அதை மைனஸ் 10-க்கு ஏற்றினேன். அடுத்த வாரம் வேறொரு கோர் விழுந்தது. ஒவ்வொரு கோராகச் சோதிக்கும் கோர்சைக்ளர் என்ற புரோகிராமை ராத்திரி முழுக்க ஓடவிட்டுத்தான் எண்ணைக் கண்டுபிடிக்கணும். இடவப்பாதி மழையில் நம்ம ஊர் கரண்ட் ராத்திரி முழுக்க நிற்குமா?

இரண்டாவது, கர்வை பூஜ்யமாக்கிவிட்டு பயாஸின் பிபிஓ லிமிட்ஸில் பிபிடியை, அதாவது சில்லு இழுக்கக்கூடிய வாட் வரம்பை, 76 வாட்டிலிருந்து 60-க்கு இறக்குவது. நான் இதைத்தான் வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டியது சூடு குறையணும், அவ்வளவுதானே? வாட்டைக் குறைத்தால் சில்லு தானே கிளாக்கை இறக்கிக்கொள்ளும். எந்தக் கிளாக்குக்கு எவ்வளவு வோல்ட்டேஜ் என்ற கணக்கில் கை வைப்பதில்லை. 22 நிமிட ரெண்டர் 24 ஆனது, சூடு 72-இல் நிற்கிறது. அதற்கப்புறம் ஒரு ரீஸ்டார்ட் இல்லை.

எனக்குத் தீர்மானம் சொன்னது வேகமில்லை, பராமரிப்பு. பயாஸ் அப்டேட் போட்டால் எல்லா செட்டிங்கும் அழியும். போர்டிலிருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருந்து, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு நாலு நாள் ஊருக்குப் போனாலும் அதே கதி. வாட் வரம்பென்றால் ஒரே எண், அரை நிமிடத்தில் திரும்ப அடித்துவிடலாம். கர்வென்றால் ஆறு எண். எழுதிவைத்த சீட்டு கிடைத்தாலும் புது பயாஸில் அதே எண் நிற்குமா என்று மறுபடி சோதிக்கணும். சீசன் நேரத்தில் அதற்கெல்லாம் எங்கே ராத்திரி இருக்கிறது.

கேம் ஆடுகிறவர்களுக்கு என் கணக்கு ஒத்துவராமல் போகலாம், நான் ஆடிப் பார்த்ததில்லை. பயாஸைத் தொடாமலேயே உங்கள் மெஷின் சும்மா இருக்கும்போது விழுகிறதென்றால் இந்த வாட் வைத்தியம் பலிக்காது. ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்து முதலில் ராமைச் சோதியுங்கள். பிறகு பயாஸில் பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோலை (ஓய்வில் கரண்ட் எவ்வளவு இறங்கலாம் என்ற செட்டிங்) டிபிக்கல் என்று மாற்றிப் பாருங்கள். கர்வைப் பூஜ்யமாக்கியதிலேயே எனக்குச் சரியாகிவிட்டதால் அந்தக் கடைசி ஒன்றைத் தொட வேண்டியிருக்கவில்லை.