எதிர் நிறங்களில் கலந்த சாம்பல்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

கல், எஃகு, ஓநாய்த்தோல், நைந்துபோன துணி, வெள்ளை ஆடையின் மடிப்பு நிழல் என்று ஒரு மினியேச்சர் பொம்மையில் (கையால் வண்ணம் தீட்டும் சிறு உருவத்தில்) பாதி இடம் சாம்பல் நிறத்துக்கே போய்விடுகிறது. அந்தச் சாம்பலை நான் இப்போது கறுப்பும் வெள்ளையும் சேர்த்துச் செய்வது அபூர்வம். நிற வட்டத்தில் எதிரெதிரே நிற்கும் இரண்டு நிறங்களைக் கலந்துதான் எடுக்கிறேன். சில வருடங்களாக இதே பழக்கம் என்பதால், எது கைகொடுத்தது, எங்கே கடையில் தயாராக வரும் பாட்டில் சாம்பலே மேல் என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது.

அதிகம் பயன்படுத்திய ஜோடி அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியென்னாவும். பர்ன்ட் சியென்னா பார்க்கப் பழுப்பு என்றாலும் உண்மையில் அது அடர்ந்து மங்கிய ஆரஞ்சுதான், அதாவது நீலத்துக்கு எதிர் நிறம். அதனால்தான் நீலத்தை அவ்வளவு அழகாக அடக்குகிறது. பேலட்டில் நீலத்தை வைத்து, பிரஷ் நுனியில் கொஞ்சம் கொஞ்சமாக சியென்னாவைச் சேர்த்துக்கொண்டே போனால், முதலில் நீலம் மங்கும், பிறகு மை போல இருண்டுவிடும். அந்த இருட்டில் கலவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதிலிருந்து ஒரு துளியைத் தனியே இழுத்து வெள்ளையோடு சேர்த்தால் உடனே தெரிந்துவிடும்: நீலச் சாம்பலா, பழுப்புச் சாம்பலா, அல்லது இரண்டுக்கும் நடுவா. இந்த ஒரு சோதனை இல்லாமல் நான் பொம்மையைத் தொடுவதே இல்லை.

நடுவை எட்டிவிட்டால் அதோடு முடிந்துவிடவில்லை, ருசியே அங்கேதான் ஆரம்பம். ஒரே கலவையை மூன்று குட்டையாகப் பிரித்து, ஒன்றை நீலப் பக்கம், ஒன்றைப் பழுப்புப் பக்கம் தள்ளி, ஒன்றை அப்படியே விட்டுவிடுவேன். சாம்பல் நிறக் குதிரை ஒன்றுக்கு இப்படித்தான் தீட்டினேன். முதுகில் வானத்தின் வெளிச்சம் விழுவதால் அங்கே நீலச் சாம்பல், வயிற்றுக்கு அடியில் தரையின் சாயல் வேண்டுமென்பதால் பழுப்புச் சாம்பல், விலாவில் நடுச் சாம்பல். மூன்றும் ஏறக்குறைய ஒரே அடர்த்திதான். ஆனாலும் உடல் உருண்டு திரண்டு நிற்கிறது. 28 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு வீரன் ஏறும் குதிரையில் ஒளி நிழலை மட்டும் நம்பினால் இந்த உருட்சி வருவது கஷ்டம்.

இன்னொரு லாபமும் உண்டு. வீரனின் சட்டைக்கு அதே அல்ட்ராமரைன், தோல் வாருக்கு அதே சியென்னா என்று எடுத்தால், சாம்பல் அவற்றுக்கு உறவுக்காரன் போல ஒட்டிக்கொள்கிறது. பாட்டில் சாம்பலில் பல நேரம் அந்த ஒட்டுதல் கிடைப்பதில்லை.

மற்ற ஜோடிகளில் தாலோ பச்சையும் குயினாக்ரிடோன் சிவப்பும் (இரண்டும் செயற்கை நிறமிகள்) ஏறக்குறைய கறுப்பையே தரும். கறுப்புக் கவசத்துக்கு அருமை. ஆனால் தாலோவின் சாயம் ஏற்றும் வலு பயங்கரம். சிவப்பைத் தாராளமாக வைத்து, பச்சையை ஊசிமுனை அளவு சேர்த்தால் போதும். தாலோ நீலத்தை சியென்னாவோடு சேர்த்தால் நடுச் சாம்பல் கிடைக்காது, பச்சைப் பக்கமே இழுக்கும். கடல், பாசி படிந்த கல் போன்றவற்றுக்கு அது சரி. மஞ்சளும் ஊதாவும் சுத்தமான சாம்பல் தருவது அரிது. அந்த ஜோடியை நான் வைத்திருப்பது வேறு வேலைக்கு: மஞ்சள் துணியின் நிழலுக்கு. மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் பாசிப் பச்சையாகிவிடும். துளி ஊதா சேர்த்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருந்துகொண்டு அடங்கும்.

பாட்டிலின் லேபிளைப் படிப்பது இதில் பாதி வேலை. பொம்மைகளுக்கென்றே வரும் வண்ணங்கள் பலவற்றில் ஒரே பாட்டிலுக்குள் மூன்று நான்கு நிறமிகள் இருக்கும், வெள்ளையும்கூடக் கலந்திருக்கும். அப்படி இரண்டைச் சேர்த்தால் சேறுதான் மிஞ்சும். லேபிளில் உள்ள நிறமிக் குறியீட்டைப் பார்த்து ஒற்றை நிறமி வண்ணங்களாக எடுங்கள்: அல்ட்ராமரைனுக்கு பி.பி.29, பர்ன்ட் சியென்னாவுக்கு பி.பி.ஆர்.7 அல்லது பி.ஆர்.101. ஓவியர்களுக்கான அக்ரிலிக்கில் இவை எளிதாகக் கிடைக்கும். அது கெட்டியாக இருப்பதால் தண்ணீரோடு கொஞ்சம் மீடியமும் (நிறமில்லாத அக்ரிலிக் பிசின்) சேர்த்து இளக்கிக்கொள்ள வேண்டும். இரண்டுமே பெரும்பாலும் ஒளி ஊடுருவும் வகை என்பதால், வெள்ளை சேராத அடர்ந்த கலவை ஒரே பூச்சில் மூடாது. மெல்லிதாக இரண்டு மூன்று பூச்சு தேவை.

பக்கத்து நிறம் சாம்பலை மாற்றிக் காட்டும் என்பதையும் மறக்கக்கூடாது. பிரான்ஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் ஓடும் நிறத்தில் இருக்கிறது என்று கண்டறிந்தார். 1839-இல் அதை விரிவாக வெளியிட்டார். சிவப்பு மேலங்கிக்குப் பக்கத்தில் நடுச் சாம்பல் பச்சை தட்டியது போலத் தெரிவது இதனால்தான். அங்கே சியென்னாவை இம்மியளவு கூட்டினால் கண்ணுக்கு நடுவாகத் தெரியும். பேலட்டில் சரியாக இருந்தால் போதாது, பொம்மையில் வைத்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

சரி, தொல்லைகள். அக்ரிலிக் காயும்போது இருளும். ஈரத்தில் பாலாக இருக்கும் பிசின் காய்ந்ததும் தெளிந்துவிடுவதுதான் காரணம். பொம்மைப் பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்தின் மிச்சத் துண்டில் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, அதில் தீட்டிக் காயவிட்டுப் பார்ப்பது நல்லது. மஞ்சள் விளக்கின் கீழ் நடுச் சாம்பல் எது என்று தீர்ப்புச் சொல்லவே முடியாது, பகல் வெளிச்சம் போன்ற விளக்கு வேண்டும். மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு) அடித்தால் அடர்ந்த சாம்பல் ஒரு படி வெளிறும். அப்புறம், நேற்றைய கலவையை இன்று அச்சு அசலாகத் திரும்பக் கொண்டுவருவது நடக்காத காரியம். வெட் பேலட்டில் (ஈரத்தாள் விரித்த பேலட்) மூடி வைத்தால் சில நாள் தாங்கும், அவ்வளவுதான்.

ஒரு படைப்பிரிவு முழுக்க ஒரே சீருடை என்றால் நான் பாட்டில் சாம்பலையே அடிப்பூச்சாக எடுக்கிறேன், நிழலுக்கும் விளிம்புக்கும் மட்டும் கலந்த சாம்பல். தனியாக நிற்கும் தலைவன், மந்திரவாதி, குதிரை, பெரிய மார்பளவுச் சிலை போன்றவற்றுக்கு முழுக்க முழுக்கக் கலவைதான்.